வீதியும் விதியும்

வீட்டிற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வீதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வீட்டின் ஒழுங்கை வீட்டில் உள்ளவரே வகுத்துக்கொள்கின்றனர். விளக்கை எப்போது ஏற்றுவது, கதவை எப்போது தாழிடுவது, விருந்தினருக்கு எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்பனவற்றை அயலார் ஒருவர் வந்து கூறுவதில்லை. வீதியின் ஒழுங்கோ அத்தகையது அன்று. குப்பையை எங்கே கொட்டுவது, வண்டியை எங்கே நிறுத்துவது, கட்டடத்தை எத்தனை அடி உயர்த்துவது, நடைபாதையில் கடை வைக்கலாமா ஆகாதா என்பன எல்லாம் எங்கோ ஓரிடத்தில் முடிவாகி, அச்சேறி, ஒரு நாள் அறிவிப்புப் பலகையாக வந்து தெருமுனையில் நிற்கின்றன. அப்பொழுதுதான் தெருவில் வாழ்வோர், “இது யார் செய்த விதி?” என்று வினவுகின்றனர். வினவ வேண்டிய காலம் அதுவன்று; அக்காலம் கடந்து பல திங்கள் ஆகியிருக்கும்.

வீதியில் வாழ்வோர்க்கு விதி செய்வதிலும் பங்கு வேண்டும். அப்பங்கு உரிமையாகக் கிடைத்தால் மட்டும் போதாது. அதற்கென்று சிறிது உழைக்கவும் வேண்டும். சென்னை மாநகரின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டையும் நன்கு காட்டுகின்றது.

ஊராட்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டிக் கல்லில் வெட்டிய சாசனங்கள் இன்றும் உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இடப்படவில்லை. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் விலக்கப்பட்டது. இச்செய்தியைப் பெருமையோடு கூறுவோர் பலர். ஆனால் அந்தச் சபை நிலமும் மனையும் மறைப் பயிற்சியும் உடைய ஆடவர் சிலருக்கே உரியதாய் இருந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். உழுதவன் பெயரும், ஏரியைத் தூர் எடுத்தவன் பெயரும், பெண்டிர் பெயரும் அக்குடத்தில் விழவில்லை. பழையது என்பதனாலேயே ஒன்று முழுமை உடையதாகி விடுவதில்லை.

சென்னை மாநகராட்சியும் பழமை மிக்கது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் வழங்கிய சாசனத்தின்படி 1688 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள் அது தொடங்கியது. அந்நாளில் மேயர் ஒருவர், ஆல்டர்மென் எனப்பட்ட மூப்பர் பன்னிருவர், நகரமாந்தர் அறுபதின்மர் இருந்தனர். மக்கள் வாக்களித்து அவர்களைத் தேர்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. வரி வாங்குவதற்குக் கோட்டைக்கு ஓர் அமைப்பு வேண்டியிருந்தது, அதுவே அது. 1882 இல் ரிப்பன் பெருமகனார் உள்ளூர் ஆட்சியில் ஊராருக்கு இடம் அளிக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றினார். அவர் பெயர் தாங்கிய வெண்மாளிகையிலேயே 1913 முதல் மாநகராட்சி இயங்கி வருகின்றது. 1919 இல் இயற்றப்பட்ட சென்னை மாநகராட்சிச் சட்டம் ஒரு நூற்றாண்டிற்கு மேல் வழக்கில் இருந்து, 2023 இல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திற்கு இடம் விட்டு ஒதுங்கியது.

இந்நெடிய வரலாற்றில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. 1973 ஆம் ஆண்டின் இறுதியில் மாநகர மன்றம் கலைக்கப்பட்டது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996 இல். மன்றம் கலைந்த அன்று மயிலையில் பிறந்த குழந்தை, இருபத்திரண்டு வயது நிரம்பும் வரை தன் வட்டத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் காட்சியைக் கண்டதில்லை. அவ்வளவு காலமும் தெருவிளக்கு எரிந்தது, குப்பை அள்ளப்பட்டது, வரி தண்டப்பட்டது, விதிகளும் செய்யப்பட்டன. அதிகாரிகள் யாவற்றையும் நடத்தினர். கேட்பதற்கு ஆள் இல்லை என்ற ஒன்றே குறை. பின்னர் 2016 இல் மன்றத்தின் காலம் முடிந்தபோதும் தேர்தல் தள்ளிப் போயிற்று. 2022 பிப்ரவரியில்தான் இருநூறு வட்டங்களுக்கும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால், அது மீண்டும் வேர் கொள்ள நாளாகின்றது. சென்னையில் பலர் தம் வட்டத்தின் எண்ணையே அறியாதிருத்தற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கேளாமற் செய்த முடிவு எத்தனை காலம் நின்று வருத்தும் என்பதற்குத் தியாகராய நகரே சான்று. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் அப்பகுதியில் நூறாண்டுகளுக்கு முன் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. நகரம் பெருகியது, மனை வேண்டியிருந்தது. ஆதலின் 1920களில் ஏரியைத் தூர்த்துப் புதிய நகர் அமைத்தனர். மாநகராட்சியின் தலைவராய் விளங்கிய பிட்டி தியாகராயரின் பெயரை அதற்கு இட்டனர். 1920 இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்க வழி செய்த பெருமகனார் அவர். பெயர் இட்டது தகும். ஆயின் ஏரி போன இடத்தை மழைநீர் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தன் பழைய இடத்தைத் தேடி வருகின்றது. மேற்கு மாம்பலத்தில் ‘ஏரி காணும் சாலை’ என்று பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் உண்டு. பெயரில் ஏரி இருக்கின்றது. மழை நாளில் சாலையிலும் இருக்கின்றது.

இனி, ஊரார் முயற்சி விதியாக மலர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் காணலாம். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர் கடலோரத்து மணற்பகுதி. மணல், மழைநீரை விரைந்து உறிஞ்சும். நன்னீர் மணலின் கீழே தங்கி, கடலின் உப்புநீர் உள்ளே புகாதவாறு தடுத்து நிற்கும். தனி வீடுகள் இருந்த இடங்களில் அடுக்கு வீடுகள் எழுந்தன. ஒரு கிணற்றில் ஒரு குடும்பம் நீர் எடுத்த இடத்தில் ஆழ்குழாய் இட்டுப் பல குடும்பங்கள் எடுத்தன. வாசலும் முற்றமும் சிமென்டினால் மூடப்பட்டன. மேலிருந்து நீர் இறங்கவில்லை. கீழிருந்து நீர் ஏறிக்கொண்டே இருந்தது. கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியது.

இயற்பியல் கற்ற சேகர் இராகவன் என்பார் அந்நகரில் வாழ்பவர். 1990களின் இடையில் அவர் வீடு வீடாகச் சென்று, மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடையில் விடாமல் நிலத்தில் இறக்குமாறு வேண்டினார். அவர் காட்டிய கணக்கு பள்ளி மாணவரும் போடக்கூடியது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,360 லிட்டர் நீர் சேரும். சென்னையில் ஆண்டு ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அவ்வாறாயின் அம்மாடியில் ஆண்டுதோறும் விழும் நீர் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் அளவாகும். லாரி நீருக்குப் பணம் கொடுத்துக் காத்திருக்கும் வீட்டின் தலைமேலேயே இவ்வளவு நீர் விழுந்து ஓடுகின்றது! கணக்கு எளிது, கேட்டவர் சிலரே. “எல்லாரும் செய்யட்டும், பிறகு பார்க்கலாம்” என்று கதவை அடைத்தவர் பலர்.

ஒருவர் வீட்டில் இறக்கிய நீர் அவர் வேலிக்குள் நில்லாது. அடுத்த வீட்டுக் கிணற்றிற்கும் போகும். ஒருவர் உறிஞ்சினாலும் அடுத்தவர் கிணறு வற்றும். ஆதலின் இது தனி ஒருவர் விருப்பத்திற்கு விடத்தக்கது அன்று; ஊர் முழுமைக்கும் விதி வேண்டியது. 2002 ஆம் ஆண்டில் மந்தைவெளிப் பகுதியில், மழைநீரைச் சேமிக்கும் முறைகளை மாதிரி அமைத்துக் காட்டும் ‘மழை மையம்’ ஒன்று ஏற்பட்டது. அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டு, 2003 சூலைத் திங்களில், தமிழ்நாட்டுக் கட்டடங்கள் அனைத்திலும், பழையன புதியன என்னும் வேறுபாடு இன்றி, மழைநீர்ச் சேமிப்பு அமைத்தல் வேண்டும் என்று அவசரச் சட்டம் பிறந்தது. அமைக்காத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் விதித்தனர். பெரிய கட்டடங்களுக்கும், பின்னர்ப் புதிய கட்டடங்களுக்கும் இருந்த விதி, இவ்வாறு எல்லார்க்கும் பொதுவாயிற்று.

இச்சட்டத்திற்கு ஒருவரே காரணர் என்றல் மிகையாகும். அக்காலத்தின் கடும் நீர்ப்பஞ்சமும், அரசின் உறுதியும், பொறியாளர் பலரின் அறிவும் அதற்குத் துணை நின்றன. எனினும் ஒன்றை மறுத்தல் இயலாது. விதி வேண்டும் என்று அரசு எண்ணிய நாளில், ‘இது நடக்கும், இவ்விடத்தில் நடந்திருக்கின்றது, வந்து பாருங்கள்’ என்று காட்டுவதற்குச் சில வீடுகளும் சில கிணறுகளும் ஆயத்தமாய் இருந்தன. அதனை ஆயத்தமாக வைத்தவர் ஊரார். விதி செய்வதில் ஊரார் கொள்ளத்தக்க பங்குகளுள் தலையாயது இதுவே. குறை கூறுவோர் ஆயிரவர் இருப்பர். செய்து காட்டிவிட்டுக் கேட்பவரை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்க இயலாது.

இக்கதையின் பிற்பகுதி அவ்வளவு இனிமையானது அன்று. சட்டம் சில திங்களே தவணை கொடுத்தது. தெருத்தோறும் குழி வெட்டுவோர் தோன்றினர். அவர்களுள் தொழில் அறிந்தவரும் உண்டு, அறியாதவரும் உண்டு. மணற்பாங்கான அடையாற்றிற்கு ஏற்ற குழி களிமண் நிலத்திற்கு ஏலாது. ஆயினும் எல்லா இடத்தும் ஒரே வகைக் குழியை வெட்டி, குழாயை இறக்கி, அதிகாரிக்குக் காட்டியோர் பலர். பெசன்ட் நகரில் ஏன் என்று கேட்டு, அறிந்து, விரும்பிச் செய்தவர் ஆண்டுதோறும் மழைக்கு முன் குழியைத் துப்புரவு செய்தனர். அச்சத்தால் செய்தவர் மறுநாளே அதனை மறந்தனர். நிலத்தடி நீர் பல இடங்களில் உயர்ந்தது உண்மை. அதற்கு 2005 ஆம் ஆண்டின் பெருமழையும் ஒரு காரணம். பின்னர்க் குழிகளில் மண் மூடியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு நீர்நிலைகளும் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொணர வேண்டிய நிலை வந்தபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய குழி எங்கே இருக்கின்றது என்று வீட்டார் தேடினர்.

இதனால் அச்சட்டம் தீது என்று கொள்ளலாகாது. அது நற்சட்டம், பிற மாநிலங்களும் நோக்கிய சட்டம். அவசரத்தில் விட்டுப்போனது ஒன்றே: எந்தத் தெருவில் எந்த மண், யார் துப்புரவு செய்வது, எப்போது பார்வையிடுவது என்பனவற்றைத் தெருவில் உள்ளாரோடு அமர்ந்து பேசவில்லை. பேசியிருந்தால் ஓராண்டு தாழ்ந்திருக்கலாம். பதினாறு ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஓராண்டு பெரிதா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் நடவாது’ என்பது அலுவலகங்களில் வழங்கும் கூற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தெருவில் குப்பைத்தொட்டி வேண்டும் என்று நாற்பது வீட்டாரும் கையெழுத்து இடுவர். தொட்டி வந்து இறங்கும் அன்று, தம் வீட்டு வாயிலில் வேண்டா என்று அந்நாற்பதின்மரும் கூறுவர். கூட்டம் கூட்டினால் உரத்த குரல் உடையவர் பேசுவார். அறிந்தவர் வாய் திறவாது வீடு திரும்புவார். ஆனால் இவை கேட்கும் முறையில் உள்ள பிழைகள். கேட்பதையே விட்டுவிடுதற்கு இவை காரணம் ஆகா. வண்டி குடை சாய்ந்தது என்பதற்காக நடந்தே போவோம் என்று எவரும் முடிவு செய்வதில்லை. சாலையைப் பார்த்து ஓட்டுகின்றனர்.

எவ்வாறு கேட்பது என்பதைப் போலவே, எவ்வாறு கூறுவது என்பதும் கற்க வேண்டிய ஒன்று. சட்டமன்றம் சட்டம் இயற்றும். அதன் கீழ் அரசும் மாநகராட்சியும் விதிகளை வகுக்கும். முதன்மையான பல விதிகளும் நகரமைப்புத் திட்டங்களும் முதலில் வரைவாக வெளியிடப்படும். குறித்த நாளுக்குள் மறுப்பும் கருத்தும் எழுதி அனுப்பலாம் என்று அறிவிப்பு வரும். அந்நாட்கள்தாம் பொன்னான நாட்கள். வரைவு ஈரமண் போன்றது; விரலால் அழுத்தினாலும் பதியும். விதியாகிச் சுட்ட பின்னர் உடைக்கத்தான் வேண்டும். உடைத்தற்கு வழக்கு மன்றம் செல்ல வேண்டும். 2008 இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டமும் இத்தகைய வரைவு நிலையைக் கடந்தே வந்தது. தம் தெரு அதில் குடியிருப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்டதா, வணிகப் பகுதியாகக் குறிக்கப்பட்டதா என்பதைத் தியாகராய நகரில் எத்தனை பேர் அப்போது எடுத்துப் பார்த்தனர்?

எழுதும் மடலிலும் வேறுபாடு உண்டு. மயிலையின் தெற்கு மாட வீதியில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு புது விதி வரைவாக வருவதாகக் கொள்க. “இவ்விதி மக்கள் விரோதமானது, உடனே கைவிடுக” என்று ஒருவர் எழுதுகின்றார். மற்றொருவர், “காலை வேளையில் இவ்வீதியின் ஓரத்தில் காய்கறி விற்கும் பெண்கள் அமர்கின்றனர், அவ்வேளையில் அவ்விடத்தை வண்டிகளுக்கு ஒதுக்கினால் அவர்களுக்கு இடம் இராது. நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைக் கடைகள் நிறையும். பங்குனியில் அறுபத்துமூவர் விழா அன்று நான்கு வீதிகளிலும் வண்டியே நுழைதல் இயலாது. ஆதலின் நேரமும் நாளும் குறித்து விதியை இவ்வாறு திருத்துக” என்று எழுதித் திருத்திய வாசகத்தையும் உடன் வைக்கின்றார். முதல் மடல் கோப்பில் ஒரு தாள். இரண்டாம் மடல், ரிப்பன் மாளிகையில் வரைபடத்தை விரித்து அமர்ந்திருக்கும் அதிகாரி எத்தனை நாள் அமர்ந்தாலும் அறிய இயலாத செய்தி. வீதியில் நிற்பவரிடமே வீதியின் அறிவு உண்டு. அவ்வறிவைக் கொடாமல் சினத்தை மட்டும் கொடுப்பவர், தம்மிடம் உள்ள சிறந்த பொருளை வீட்டிலேயே வைத்துவிட்டுச் சென்றவர் ஆவர்.

அனுப்பிய மடலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமையும் இன்று உண்டு. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால், பொதுவாக முப்பது நாளுக்குள் விடை தருதல் வேண்டும். பொதுமக்களைத் தொடும் முதன்மையான கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் அவற்றிற்கு உரிய செய்திகளை அரசு அலுவலகம் தானே வெளியிட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. கேட்காதவர்க்கு அச்சட்டம் ஏட்டில் உறங்கும் சட்டமே.

இங்கே கடினமான வினா ஒன்று எழுகின்றது. வீதியில் வாழ்வோர் என்போர் யார்? தியாகராய நகரின் சௌந்தரபாண்டியனார் அங்காடி, பாண்டி பசார் என்று ஊரார் அழைக்கும் தெரு, இவ்வினாவிற்கு உரிய இடம். அங்கே நடைபாதையில் வளையலும் பூவும் ஆடையும் விற்றோர் பல ஆண்டுகள் இருந்தனர். நடப்போர்க்கு இடமில்லை என்று குடியிருப்போர் முறையிட்டனர், அது மெய்யே. பிழைப்புக்கு வேறிடம் இல்லை என்று விற்போர் முறையிட்டனர், அதுவும் மெய்யே. வழக்கு நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்தது. மாநகராட்சி பல அடுக்கு வணிக வளாகம் ஒன்றைக் கட்டி 2013 இல் விற்போரை அங்கே குடியேற்றியது. மேல் தளங்களுக்கு வாங்குவோர் ஏறி வருவதில்லை என்பது அவர்கள் குறையாயிற்று. பூ வாங்குவதற்காக எவர் மாடி ஏறுவார்? இதை ஒரு பூக்காரியைக் கேட்டிருந்தால் கட்டடம் கட்டுமுன்பே கூறியிருப்பாள்.

பின்னர் அத்தெருவில் அகன்ற நடைபாதை அமைக்க எண்ணியபோது, நிலையாகக் கட்டுமுன் தடுப்புகளை இட்டுச் சில நாள் வெள்ளோட்டம் பார்த்தனர். மக்கள் நடந்து பார்த்தனர். வணிகர் தம் அச்சத்தைக் கூறினர். குடியிருப்போர் வண்டிகள் தம் குறுந்தெருக்களில் திரும்புவதைக் கூறினர். 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பெற்றது. குறை யாதும் இல்லை என்று கூறுதல் இயலாது. ஆயினும், செய்து பார்த்துப் பின் முடிவு செய்தல் என்னும் அம்முறை, முடிவு செய்துவிட்டுப் பின் தெரிவித்தல் என்னும் பழைய முறையினும் பன்மடங்கு மேலானது. ஏரியைத் தூர்த்த காலத்தில் அத்தகைய வெள்ளோட்டத்திற்கு வழி இருக்கவில்லை.

2014 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தெரு வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மர்க்குக் குறையாமல் தெரு வணிகரே இருத்தல் வேண்டும் என்றும், அவர்கள் தம்முள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பெறுதல் வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. விதி எவரைத் தொடுகின்றதோ அவர் விதி செய்யும் அவையில் அமரல் வேண்டும் என்னும் கருத்தை இதனினும் தெளிவாகக் கூறிய சட்டம் அரிது.

அண்மையில் திறந்த வாயில் ஒன்று பகுதி சபை. அரசியலமைப்பின் 74 ஆம் திருத்தம் 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைய வேண்டும் என்று அது விதித்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிராம சபை குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் காந்தியடிகள் பிறந்த நாளிலும் கூடி வருகின்றது. நகரத்தாருக்கு அத்தகைய சபை இல்லாத குறை 2022 இல் நீங்கியது; அவ்வாண்டு வகுத்த விதிகளின்படி ஒவ்வொரு வட்டமும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பகுதியில் வாக்காளராகப் பதிந்த அனைவரும் அச்சபையின் உறுப்பினர். 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளில், நகரங்களில் இச்சபைகள் கூடின. சென்னையின் ஒரு வட்டத்தில் சராசரியாக முப்பதாயிரத்திற்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்; ஓர் உறுப்பினர் அத்தனை பேரையும் கேட்டறிதல் அரிது. சில தெருக்களுக்கு ஒரு சபை என்றால் முகம் பார்த்துப் பேசலாம்.

வாயில் திறந்திருக்கின்றது, ஆனால் அதன் அளவு குறுகியது. பகுதியின் சார்பாக வட்டக் குழுவில் அமர்பவர் நியமனம் பெறுகின்றார். பகுதியாரின் வாக்கால் வருவதில்லை. மன்ற உறுப்பினருக்கு வேண்டியவரே அவ்விடத்தில் அமரக்கூடும் என்ற ஐயம் இதனால் எழுகின்றது, அவ்வையம் நியாயமானதே. வாக்காளரே உறுப்பினர் என்பதால், விடியற்காலையில் வேறொரு பகுதியிலிருந்து வந்து தெற்கு மாட வீதியில் காய்கறி பரப்பும் பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. அடையாற்று வீடுகளில் வேலை செய்துவிட்டு மாலையில் ஊர் திரும்புவோர்க்கும் இல்லை. உத்திரமேரூர்க் குடத்தில் விழாத பெயர்கள் இன்னும் சில உள்ளன.

குறைகள் இருப்பதால் சபைக்குச் செல்லாதிருத்தல் அறிவுடைமை ஆகாது. செல்பவர், தெருவிளக்கு எரியவில்லை என்று கூறுவதோடு அமையாமல், சென்ற கூட்டத்தில் எழுதிய தீர்மானங்களைப் படிக்குமாறு கேட்கலாம். அவற்றுள் எது நிறைவேறியது, எது நின்றது, ஏன் நின்றது என்று கேட்கலாம். பகுதியின் சார்பாளரை அடுத்த முறை வாக்களித்துத் தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் எழுதுமாறும் கேட்கலாம். காய்கறி விற்கும் பெண்ணை அழைத்துச் சென்று, உறுப்பினர் அல்லளாயினும் அவள் சொல்வதைக் கேட்குமாறு வேண்டலாம். வேண்டியவரைக் கூட்டத்திலிருந்து எவரும் வெளியேற்றப்போவதில்லை. மழைக்கு முன் கூடும் சபையில், இப்பகுதியில் எத்தனை மழைநீர்க் குழிகள் உள்ளன, எத்தனை மண் மூடிக் கிடக்கின்றன என்று எண்ணி வந்து கூறலாம். எண்ணுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். ஒரு குறிப்பேடும், தெருவை நன்கு அறிந்த இரண்டு மாணவரும் போதும்.